ரோஸ்பட் யாருக்குத் தெரியும்? 'சிட்டிசன் கேன்' படத்தை எடுத்துரைப்பியல் கொண்டு வாசிப்பது

கேள்வி இதுதான்: "எடுத்துரைப்பியலில் ப்ராப், தோதரோவ், ஜெனெட் எல்லாம் படித்தாயிற்று. இப்போது ஒரு கிளாசிக் படத்தை எடுத்துக்கொண்டு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். 'சிட்டிசன் கேன்' என்று முடிவு செய்திருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் கதைச் சுருக்கமும் நடுநடுவே கலைச்சொற்களும்தான் வருகின்றன. கோட்பாட்டைப் படத்தின் மேல் எப்படிப் பயன்படுத்துவது?"

பலருக்கும் வருகிற சிக்கல்தான் இது. எடுத்துரைப்பியல் என்பது கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்பதை ஆராயும் துறை; ப்ராப், தோதரோவ், ஜெனெட் மூவரும் அதன் கோட்பாட்டாளர்கள். ப்ராப்பைப் படித்த கையோடு நாயகன் யார், எதிரி யார், உதவியாளர் யார் என்று பெயர் வைக்கத் தொடங்கிவிடுகிறோம். ஜெனெட்டைப் படித்தால் ஃபிளாஷ்பேக் வரும் இடத்திலெல்லாம் அதற்குரிய கலைச்சொல்லை எழுதி வைக்கிறோம். பெயர் வைத்து முடித்ததும் ஆய்வும் முடிந்துவிட்டதாக ஒரு நிம்மதி வரும். ஆனால் படிப்பவருக்குப் படத்தைப் பற்றிப் புதிதாக ஒன்றும் கிடைத்திருக்காது. கோட்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது பெயர்களை அல்ல, கேள்விகளை. அதிலும் எல்லாக் கேள்விகளும் எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. 'சிட்டிசன் கேன்' படத்துக்கு ஒரே ஒரு கேள்வி போதும் என்பது என் கருத்து: திரையில் இப்போது தெரிவது, கதைக்குள் இருக்கும் யாருக்குத் தெரியும்?

மேலே போவதற்கு முன் ஒன்று. படத்தின் ரகசியத்தை உடைக்காமல் இதைப் பேச முடியாது. பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டு மணி நேரம்கூட ஆகாது.

பார்த்து நாளானவர்களுக்குச் சுருக்கமாக. 1941-இல் ஆர்கேஓ என்ற ஹாலிவுட் பட நிறுவனத்துக்காக ஆர்சன் வெல்ஸ் இயக்கி நடித்த முதல் முழுநீளப் படம். படம் வந்தபோது அவருக்கு வயது 25தான். திரைக்கதையை ஹெர்மன் மான்கிவிச்சும் அவரும் சேர்ந்து எழுதினார்கள். அந்த வருடத்துச் சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் இருவருக்கும் கிடைத்தது. சார்லஸ் ஃபாஸ்டர் கேன் என்ற பத்திரிகை அதிபர் ஸனாடு என்ற தன் பிரம்மாண்ட மாளிகையில் 'ரோஸ்பட்' என்று சொல்லிவிட்டுச் செத்துப்போகிறார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடிக்க தாம்சன் என்ற செய்தியாளர் அலைகிறார். கண்டுபிடிக்கவில்லை. நாம் மட்டும் கண்டுபிடிக்கிறோம்: அது கேன் சிறுவனாக இருந்தபோது விளையாடிய பனிச்சறுக்கு வண்டியின் பெயர்.

தாம்சனுக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது. நமக்கு யார் சொன்னார்கள்? கட்டுரையை இங்கேதான் தொடங்க வேண்டும்.

முதல் வேலை மேசை வேலை, அலுப்பானது. ஒரு தாளை எடுத்து இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் கேனின் வாழ்க்கை நடந்த வரிசை. வலப்பக்கம் அது திரையில் வரும் வரிசை. 1920களில் ரஷ்ய உருவவாதிகள் என்ற இலக்கிய ஆய்வாளர்கள் ஃபாபுலா (நடந்த வரிசை), சியுஷெட் (சொல்லப்படும் வரிசை) என்று பிரித்தது இதைத்தான். திரைப்பட ஆய்வாளர் டேவிட் போர்ட்வெல் 1985-இல் வெளியிட்ட நூலில் இந்தப் பிரிவினையைச் சினிமாவுக்கு ஏற்றபடி வளர்த்தெடுத்தார். படத்தை இரண்டாவது முறை பார்க்கும்போது, படத்தை நிறுத்தி நிறுத்தி, இந்த அட்டவணையைப் போடுங்கள். இதைச் செய்யாமல் எழுதும் கட்டுரைகள் நினைவில் இருப்பதை நம்பித்தான் ஓடும். நினைவு எப்போதும் கதையைக் கால வரிசைக்கு மாற்றிவிடும், அதாவது ஆராய வேண்டிய விஷயத்தையே அழித்துவிடும்.

வலப்பக்கம் ஏறத்தாழ இப்படி வரும். ஸனாடுவின் வேலி, மரணம். அதன்பின் கேனின் வாழ்க்கையைச் சொல்லும் செய்திப்படம். அந்தச் செய்திப்படத்தைப் போட்டுப் பார்க்கும் இருட்டறையில் செய்தியாளர்கள். 'இது போதாது, அந்தக் கடைசிச் சொல் என்னவென்று பார்' என்று தாம்சனை அனுப்புகிறார் ரால்ஸ்டன். தாம்சன் கேனின் இரண்டாம் மனைவி சூசனிடம் போகிறார். அவள் பேச மறுக்கிறாள். அப்புறம் கேனின் காப்பாளராக இருந்த வங்கியாளர் தாட்சர் எழுதி வைத்த கையெழுத்துப் பிரதி. அடுத்து பத்திரிகை நிர்வாகி பெர்ன்ஸ்டைன். அடுத்து மருத்துவமனையில் இருக்கும் பழைய நண்பர் லீலண்ட். மறுபடி சூசன், இந்த முறை பேசுகிறாள். கடைசியில் ஸனாடுவின் பணியாளர் ரேமண்ட். பின்பு எரியும் வண்டி, புகை, மறுபடி அந்த வேலி.

இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது செய்திப்படம். பத்து நிமிடம்கூட இல்லாத அந்தத் துண்டில் கேனின் மொத்த வாழ்க்கையும் கொட்டப்பட்டுவிடுகிறது. தாயிடமிருந்து வந்த சொத்து, பத்திரிகைகள், இரண்டு திருமணம், தேர்தல் தோல்வி, பொருளாதாரச் சரிவு, தனிமை, சாவு எல்லாமே. 'அடுத்து என்ன நடக்கும்' என்ற ஆர்வத்தைப் படம் தொடக்கத்திலேயே வேண்டுமென்று கொன்றுவிடுகிறது. லீலண்டும் கேனும் சிரித்துப் பேசும் காட்சி வரும்போது கேன் எப்படித் தனியாகச் சாவார் என்று நமக்குத் தெரியும். சூசனைச் சந்திக்கும்போதே அந்தத் திருமணம் முறியும் என்று தெரியும். பிறகு எதற்காக உட்கார்ந்து பார்க்கிறோம்? தகவல் தீர்ந்துபோன பிறகு மிஞ்சுவது, யார் எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான். செய்திப்படத்தை 'பின்னணித் தகவல் தரும் பகுதி' என்று ஒரு வரியில் கடந்துபோகும் கட்டுரைகள் இந்தப் படத்தின் அடித்தளத்தையே தவறவிடுகின்றன.

இந்த இடத்தில் தோதரோவ் கைகொடுப்பார், ஆனால் பாடப்புத்தகத் தோதரோவ் அல்ல. சமநிலை, குலைவு, மறுபடி சமநிலை என்ற அவருடைய பிரபலமான வரைபடத்தை இங்கே வைத்தால் கிடைப்பது சொற்பம்: பனியில் விளையாடும் பையன் சமநிலை, தாட்சர் வந்து கூட்டிப்போவது குலைவு, புதிய சமநிலை வரவே இல்லை. சரி, அதற்கு மேல்? அவரே 1966-இல் துப்பறியும் கதை வகைகளைப் பற்றி எழுதிய கட்டுரை இதைவிடப் பல மடங்கு உதவும். துப்பறியும் கதை ஒவ்வொன்றிலும் இரண்டு கதைகள் இருக்கின்றன என்கிறார்: குற்றத்தின் கதை, விசாரணையின் கதை. முதலாவது நடந்து முடிந்தது, கண்முன் இல்லாதது. இரண்டாவது கண்முன் இருக்கிறது, ஆனால் அதில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. 'சிட்டிசன் கேன்' குற்றமே இல்லாத துப்பறியும் கதை. தாம்சனுக்குச் சொந்த வாழ்க்கை கிடையாது. அவர் முகத்தையே படம் நமக்குச் சரியாகக் காட்டுவதில்லை, எப்போதும் இருட்டிலோ முதுகுப்பக்கமாகவோ நிற்கிறார். விசாரணை செய்பவருக்கு உள்வாழ்க்கை தேவையில்லை என்ற விதியை வெல்ஸ் ஒளியமைப்பாகவே மாற்றிவிட்டார். இன்னொரு வேடிக்கை: தாம்சனாக நடித்த வில்லியம் ஆலண்டின் குரல்தான் செய்திப்படத்திலும் கேட்கிறது. எல்லாம் தெரிந்த குரலும் ஒன்றும் தெரியாத ஆளும் ஒருவரே.

ப்ராப்பைப் பற்றி ஒரு பத்திக்கு மேல் எழுத வேண்டாம். 1928-இல் வெளிவந்த அவருடைய ஆய்வு ரஷ்ய மாயாஜாலக் கதைகளைப் பற்றியது; அந்தக் கதைகளில் அவர் கண்ட 31 செயல்பாடுகளை எல்லாப் படத்திலும் தேடிப் பிடிக்கிற வழக்கம் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. வேண்டுமானால் ஒன்று சொல்லலாம். ரால்ஸ்டன் அனுப்பி வைப்பவர், தாம்சன் தேடிப் போகிறவர், ரோஸ்பட் தேடப்படும் பொருள். தேடிப் போனவர் வெறுங்கையோடு திரும்புகிறார். ப்ராப்பின் வாய்பாடு உடைவது இந்த இடத்தில்தான். உடைவதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இனி முக்கியமான பகுதி. ஜெரார் ஜெனெட் 1972-இல் ஒரு பழைய குழப்பத்தைத் தீர்த்து வைத்தார். 'யார் பார்க்கிறார்கள்' என்பதும் 'யார் பேசுகிறார்கள்' என்பதும் வேறு வேறு கேள்விகள், இரண்டையும் சேர்த்துக் குழப்பாதீர்கள் என்றார். நாவலில் இது ஓரளவு நுட்பமான வேறுபாடு. சினிமாவில், அதுவும் ஃபிளாஷ்பேக் படங்களில், பட்டவர்த்தனமாகத் தெரியும். ஒருவர் பேசத் தொடங்குகிறார், காட்சி கரைந்து பழைய காலத்துக்குப் போகிறது, அங்கே அவரும் திரைக்குள் ஒரு உருவமாக நிற்கிறார். அவர் பேசுகிறார்; ஆனால் பார்ப்பது அவர் இல்லை.

பனிக்காட்சியை எடுத்துக்கொள்வோம். தாம்சன் நூலகத்தில் உட்கார்ந்து தாட்சரின் கையெழுத்தை வாசிக்கிறார். அனுமதி 83 முதல் 142 வரையான பக்கங்களுக்கு மட்டும்தான், அதையும் காவலர் ஒருவர் நின்று கண்காணிக்கிறார். 1871-இல் கேனை முதலில் சந்தித்ததாக வரி தொடங்குகிறது. காகிதத்தின் வெள்ளை பனியின் வெள்ளையாகிறது. ஒரு சிறுவன் தனியாகச் சறுக்கி விளையாடுகிறான். கேமரா பின்வாங்கும்போதுதான் அது வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியே பார்க்கிறது என்று தெரிகிறது. முன்னால் தாயும் தாட்சரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போகிறார்கள், நடுவே தகப்பன் முனகிக்கொண்டு நிற்கிறார், பின்னால் ஜன்னல் சட்டத்துக்குள் எதுவும் அறியாமல் பையன். அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒருசேரத் தெளிவாகத் தெரியும் கிரெக் டோலண்டின் ஆழக் குவிய ஒளிப்பதிவுக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் காட்டும் ஷாட் இது. தொழில்நுட்பத்தைப் புகழ்வதோடு நிறுத்திவிட வேண்டாம். இந்தக் காட்சியை 'எழுதியவர்' தாட்சர். கேனை வெறுத்தவர். அவருடைய நினைவுக் குறிப்பில் அந்தப் பையன் முரட்டுப் பயலாகத்தான் இருந்திருப்பான். வண்டியால் அவர் வயிற்றில் இடித்துத் தள்ளியவன் அல்லவா? ஆனால் திரையில் நாம் பார்ப்பது, பெரியவர்கள் தன் தலையெழுத்தை எழுதிக்கொண்டிருப்பது தெரியாமல் கத்திக்கொண்டு விளையாடும் குழந்தையை. சொல்பவரின் வெறுப்பு காட்சியில் ஏறவே இல்லை.

அடுத்த ஷாட்தான் என் வாதத்துக்கு முதல் சாட்சி. பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பனியில் கைவிடப்பட்ட சறுக்கு வண்டி மட்டும் கிடக்கிறது. பனி விழுந்து அதன் மேல் குவிகிறது. தூரத்தில் ரயிலின் ஊதல். அந்த ரயிலில்தான் தாட்சர் போகிறார். அப்படியானால் இந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பது யார்? தாட்சரின் கையெழுத்துப் பிரதியில் இந்த வரி இருந்திருக்க வழியில்லை. கதைக்குள் இருக்கும் ஒருவரும் அங்கே இல்லை. ஒரு கதைசொல்லி தனக்குத் தெரிந்திருக்க முடியாததைச் சொல்வதற்கு ஜெனெட் 'பாராலெப்சிஸ்' என்று பெயரிட்டார். பெயரை மறந்தாலும் பாதகமில்லை. தாம்சன் தேடும் விடை, அவர் வாசிக்கும் பக்கங்களுக்கு உள்ளேயே, எழுத்தில் வராமல், நமக்கு மட்டும் காட்டப்பட்டுவிட்டது என்பது முக்கியம். அதுவும் படம் தொடங்கி அரை மணி நேரம் ஆவதற்குள். வெட்டினால் அடுத்தது கிறிஸ்துமஸ்: தாட்சர் பையனுக்குப் பரிசாகத் தருவது புத்தம் புதிய இன்னொரு சறுக்கு வண்டி. அதைத் தருவதன் அபத்தம் தாட்சருக்குப் புரியாது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவருக்குப் புரியும்.

இரண்டாவது சாட்சி லீலண்டின் பகுதியில். கேன் சூசனை முதலில் சந்தித்த இரவு. அங்கே லீலண்ட் இல்லை; கேன் சொல்லித்தான் தனக்குத் தெரியும் என்பது போலப் பேசுகிறார், அதுவரை ஒழுங்காகத்தான் இருக்கிறது. சூசனின் அறையில் கேன் சொல்கிறார்: தன் தாயின் பழைய சாமான்கள் கிடங்குக்கு வந்திருக்கின்றன, அவற்றைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். அந்தச் சாமான்களுக்குள்தான் வண்டி இருந்திருக்க வேண்டும். கடைசியில் ஸனாடுவின் தரைத்தளத்துக்கு அது வந்து சேர்ந்த வழியும் இதுவே. அதே அறையில், சூசனின் ஒப்பனை மேசையில், உள்ளே பனி பொழியும் சின்னக் கண்ணாடி உருண்டை ஒன்று இருக்கிறது. சாகும்போது கேனின் கையிலிருந்து உருண்டு விழுந்த உருண்டை. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, கேமராவும் அதன் அருகே போவதில்லை. முதல் முறை பார்ப்பவர் கவனிக்கவே மாட்டார். கேன் சொன்னதை லீலண்ட் திருப்பிச் சொல்லலாம். மேசையில் இருந்த பொம்மையை எப்படிச் சொல்வார்? இத்தனைக்கும் ரோஸ்பட் பற்றிக் கேட்டதும் 'பத்திரிகையில் பார்த்தேன், அந்தப் பத்திரிகையில் வந்த எதையும் நான் நம்பியதில்லை' என்று கையை விரிக்கிறவர் அவர். விடையின் இரண்டு துண்டுகள் அவருடைய கதைக்குள்ளேயே கிடக்கின்றன. அவருக்குத் தெரியாது.

மூன்றாவது சாட்சி ரேமண்ட். ரோஸ்பட்டைப் பற்றிச் சொல்ல ஆயிரம் டாலர் தருவீர்களா என்று பேரம் பேசுகிறார். அவரிடம் இருப்பது சொல் மட்டும், பொருள் இல்லை. கொஞ்ச நேரத்தில், சாமான்களைத் தீயில் போடும் ஆட்களிடம் அந்தக் குப்பையையும் தூக்கிப் போடச் சொல்பவரும் அவரே. சொல்லை விற்க வந்தவர் கையாலேயே விடை எரிகிறது.

இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் படத்தின் கட்டமைப்பு தெரிந்துவிடும். கீழே ஐந்து கதைசொல்லிகள்: தாட்சர், பெர்ன்ஸ்டைன், லீலண்ட், சூசன், ரேமண்ட். மேலே, படத்தையே நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் பெயரில்லாத ஓர் எடுத்துரைப்பு. ஐவரின் வழியாகவே அது செய்தியைக் கொண்டுவந்தாலும் அவர்களுக்கே தெரியாமல் அதற்குள் எதையோ சேர்த்து அனுப்புகிறது. படத்தின் முதல் ஷாட்டே இதன் அறிமுகம்தான். அத்துமீறி நுழையாதீர் என்ற பலகை தொங்கும் வேலி. கேமரா அதைப் படித்துவிட்டு மேலேறி உள்ளே போகிறது. அடுத்து வரும் ஷாட்டுகளில் மாளிகை எந்தக் கோணத்தில் இருந்தாலும் வெளிச்சமான அந்த ஒரே ஜன்னல் சட்டகத்தின் ஒரே இடத்தில் நிலைத்து நிற்கிறது. எந்த மனிதரின் கண்ணும் இப்படிப் பார்க்காது. போர்ட்வெல் எடுத்துரைப்பை அளக்கும்போது மூன்று விஷயங்களைக் கேட்பார்: அதற்கு எவ்வளவு தெரியும், தெரிந்ததில் எவ்வளவு நம்மிடம் சொல்கிறது, தான் இருப்பதை எவ்வளவு காட்டிக்கொள்கிறது. இங்கே முதலும் மூன்றும் உச்சத்தில் இருக்கின்றன. இரண்டாவது மட்டும் கஞ்சத்தனம். படத்தின் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மனின் இசையும் இந்தக் கூட்டில் உண்டு. கேனின் அதிகாரத்துக்கு ஒரு சிறு இசைத்துணுக்கு, ரோஸ்பட்டுக்கு ஒன்று என்று இரண்டு எழுதினார். இரண்டும் தொடக்கக் காட்சியிலேயே ஒலித்துவிடுகின்றன. காது கூர்மையாக இருப்பவருக்குப் பனிக்காட்சியிலேயே ரகசியம் கசிந்துவிடும்.

இப்போது அந்தப் பிரபலமான ஓட்டைக்கு வரலாம். கேன் தனியாகச் சாகிறார், செவிலி உருண்டை உடைந்த பிறகுதான் கதவைத் திறக்கிறாள், அப்படியானால் ரோஸ்பட் என்ற சொல்லைக் கேட்டது யார்? திரைக்கதைப் பிழை என்று பலர் சிரிப்பார்கள். பின்னால் ரேமண்ட், தான் கேட்டதாகச் சொல்கிறாரே என்று பதிலுக்கு வாதிடுவார்கள். உண்மைதான், சொல்கிறார். ஆனால் காசுக்குப் பேரம் பேசும் ஆள் அவர். தொடக்கக் காட்சியில் அவர் கண்ணில் படவில்லை. வழக்கை யார் ஜெயித்தாலும் எனக்கு அக்கறை இல்லை. அந்தச் சொல்லை நாம் கேட்ட விதம்தான் கவனிக்க வேண்டியது: திரை முழுவதும் உதடுகள், காதுக்குப் பக்கத்தில் குரல். கதைக்குள் இருக்கும் எவராலும் அவ்வளவு நெருங்கியிருக்க முடியாது. ரேமண்ட் கேட்டிருந்தாலும் அறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டிருப்பார். மேலே இருக்கும் எடுத்துரைப்புக்கும் கீழே இருக்கும் மனிதர்களுக்கும் உள்ள தூரத்தைப் படம் முதல் சில நிமிடங்களிலேயே அளந்து காட்டிவிட்டது.

காலத்தைப் பற்றி ஜெனெட் சொன்னவற்றில் வரிசை (எது முன், எது பின்), நீட்சி (எவ்வளவு நேரம் எடுத்துச் சொல்கிறது), எண்ணிக்கை (எத்தனை முறை சொல்கிறது) என்று மூன்று உண்டு. வரிசையைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனியுங்கள். தாட்சரின் பகுதி மூன்று தாவலில் கேனின் சரிவுவரை போய்விடுகிறது. 1929-இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் பத்திரிகைகளை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடும் கிழவரைப் பார்த்துவிடுகிறோம். அதன் பிறகுதான் பெர்ன்ஸ்டைன் கேனின் பத்திரிகையான 'இன்க்வைரர்' அலுவலகத்துக்குள் இளைஞன் கேன் துள்ளி நுழையும் நாளைச் சொல்கிறார். அந்த உற்சாகக் காட்சிகள் மேல் தோல்வியின் நிழல் ஏற்கெனவே விழுந்துவிட்டது. கால வரிசையில் சொல்லியிருந்தால் அது வெறும் எழுச்சி, வீழ்ச்சிக் கதை.

நீட்சிக்கு இந்தப் படம் பொக்கிஷம். தாட்சர் பையனிடம் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்கிறார், வாக்கியத்தின் மீதிப் பாதியான புத்தாண்டு வாழ்த்தை அவர் சொல்லி முடிக்கும்போது கேனுக்கு 25 வயது ஆகப்போகிறது. ஒரு மனிதனின் வளரும் பருவம் முழுவதும் அந்த வாக்கியத்தின் நடுவே காணாமல் போகிறது. அது தாட்சரின் பகுதி என்பதை மறக்காதீர்கள். அவரைப் பொறுத்தவரை அந்த ஆண்டுகளில் சொல்ல ஒன்றுமில்லை, சொத்து கைமாறும் நாள் மட்டும்தான் கணக்கு. முதல் மனைவி எமிலியோடு கேனின் மணவாழ்க்கை காலை உணவு மேசையில் சில நிமிடங்களில் முடிந்துபோவதும் எல்லோரும் எழுதும் காட்சிதான். முதலில் நெருங்கி உட்கார்ந்து கொஞ்சுகிறார்கள், பிறகு குத்தல், பிறகு எரிச்சல், முடிவில் நீண்ட மேசையின் இரு முனைகளில் மௌனம். எமிலி வாசிப்பது கணவனின் போட்டிப் பத்திரிகையான 'க்ரானிக்கிள்'. அதன் நேர்த்தியைப் பாராட்டி முடித்த பிறகு 'யாருக்குத் தெரியும்' என்று மறுபடி கேளுங்கள். இதைச் சொல்பவர் லீலண்ட். அந்த மேசையில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததாகப் படம் காட்டவில்லை. அவரிடம் இருக்கக்கூடியது 'அவர்கள் சந்தித்துக்கொண்டது காலை உணவின்போது மட்டும்தான்' என்ற பொதுவான அபிப்பிராயம். அந்த ஒற்றை அபிப்பிராயத்தை மேலிருக்கும் எடுத்துரைப்பு காட்சிகளாகப் பிரித்துக் காட்டுகிறது.

எண்ணிக்கைக்கு சூசனின் ஓபரா அரங்கேற்றம். நடந்தது ஒரு முறை, படத்தில் இரண்டு முறை வருகிறது. லீலண்டின் பகுதியில் திரை தூக்கப்பட்டதும் கேமரா மேடைக்கு மேலே ஏறிக்கொண்டே போகிறது. உச்சியில் நிற்கும் இரண்டு தொழிலாளர்களில் ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார். விமர்சகரின் தீர்ப்பு, நகைச்சுவையாக. சூசனின் பகுதியில் அதே இரவு மேடையிலிருந்து தெரிகிறது: கண்ணைக் கூசும் விளக்குகள், அதற்கு அப்பால் கருங்குழி போல அரங்கம், குழிக்குள்ளிருந்து கையை ஆட்டித் தவிக்கும் பாட்டு ஆசிரியர், எல்லோரும் நிறுத்திய பிறகும் தனியாகக் கைதட்டும் கேன். முதல் முறை சிரித்த நமக்கு இரண்டாவது முறை சிரிப்பு வராது.

இந்த இரட்டைக் காட்சியை வைத்துக்கொண்டுதான் 'ஐந்து பேர் ஐந்து விதமான கேனைக் காட்டுகிறார்கள், உண்மை சார்புடையது' என்று எழுதிவிடுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் 'ராஷோமோன்' படத்தில் சாட்சிகள் ஒருவரையொருவர் மறுக்கிறார்கள். கொலை எப்படி நடந்தது என்பதே ஒவ்வொரு வாயிலும் மாறுகிறது. இங்கே அப்படி ஒரு முரண்பாடும் இல்லை. ஐவர் சொல்வதையும் ஒரே கால வரிசையில் அடுக்கினால் பிசிறில்லாமல் பொருந்துகிறது, உங்கள் இடப்பக்கப் பட்டியலே சாட்சி. யாரும் பொய் சொல்லவில்லை. நம்பகமற்ற கதைசொல்லி என்ற கருத்தை இங்கே கொண்டுவந்தால் தடுமாறத்தான் செய்யும். ஐவரின் சிக்கல் பொய் அல்ல, தங்களிடம் இருப்பது எதன் துண்டு என்று தெரியாததுதான்.

பிரெஞ்சு விமர்சகர் ரோலன் பார்த் 1970-இல் கதைக்குள் புதிர் எப்படி நீட்டிக்கப்படுகிறது என்பதற்கு ஒரு பட்டியல் தந்தார்: பொறி, தாமதம், அரைகுறை விடை, முட்டுக்கட்டை என்று. அதை வைத்து ஒவ்வொரு சந்திப்பிலும் ரோஸ்பட் கேள்விக்கு என்ன பதில் கிடைக்கிறது என்று மட்டும் எழுதிப் பாருங்கள், சுவையாக இருக்கும். எனக்குப் பிடித்தது பெர்ன்ஸ்டைன். ஏதோ ஒரு பெண்ணாக இருக்கலாம் என்கிறார். 1896-இல் படகில் ஒரு நொடி பார்த்த, வெள்ளை உடையணிந்த பெண்ணை அதற்குப் பின் ஒரு மாதம்கூட நினைக்காமல் இருந்ததில்லை என்று தன் கதையைச் சொல்கிறார். பின்னர், அவர் தொலைத்த ஏதாவதாக இருக்கலாம், கேன் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தொலைத்தவர் என்கிறார். விடைக்கு இவ்வளவு அருகில் வேறு யாரும் வரவில்லை. பிறரின் ரகசியத்தை ஊகிக்கப்போய் தன்னுடையதைச் சொன்னவர் வழியாக அது வருகிறது. தாம்சன் குறிப்பெடுக்காமல் கடந்துபோகிறார்.

கடைசிக் காட்சியை எப்படி வாசிப்பது என்பதில்தான் கட்டுரையின் தரம் தெரியும். ஒரு சொல்லால் ஒரு மனிதனின் வாழ்க்கையை விளக்கிவிட முடியாது, அது ஜிக்சா புதிரில் தொலைந்த ஒரு துண்டு மட்டும்தான் என்று தாம்சன் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். அவர் போன பிறகு கேமரா பெட்டிகளின் கடல் மேல் மிதந்துபோய் வண்டியைக் கண்டுபிடிக்கிறது. துண்டு கிடைத்துவிட்டது. தாம்சன் சொன்னது தவறா? அர்ஜென்டின எழுத்தாளர் போர்ஹேஸ் 1941-லேயே இந்தப் படத்துக்கு எழுதிய விமர்சனத்தில் வண்டிக் கதையைச் சலிப்பான பகுதி என்று ஒதுக்கி, சிதறிய துண்டுகளிலிருந்து ஒரு மனிதனைத் தேடும் பகுதியைத்தான் உயர்த்திப் பேசினார். மையமில்லாத புதிர்வழி என்று வர்ணித்தார். வெல்ஸும் பிற்காலத்தில் ரோஸ்பட்டை மலிவுப் பதிப்பு ஃபிராய்டு என்று கிண்டலடித்தார். இவர்கள் இருவரும் விடையின் உள்ளடக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். பறிபோன குழந்தைப் பருவம் என்பது எளிய விடைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த விடை எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தேடியவரும் சொன்னவர்களும் போய்விட்ட பிறகு, கதைக்குள் ஒருவரும் பயன்படுத்த முடியாதபடி எரியும் நொடியில் அது வருகிறது. பின் கேமரா வேலிக்கு வெளியே வந்து அத்துமீறி நுழையாதீர் பலகையை மறுபடி காட்டுகிறது. எடுத்துரைப்புக்கு விடை தெரியும், ஆனால் அது போதும் என்று அது சொல்லவில்லை. தாம்சனும் சரி, வண்டியும் சரி என்று வாசிக்க இடம் இருக்கிறது. நான் அப்படித்தான் வாசிக்கிறேன். நீங்கள் போர்ஹேஸ் பக்கம் நின்றாலும் எழுதலாம், அட்டவணையிலிருந்து ஆதாரம் காட்டினால் போதும்.

எழுதும்போது இரண்டு விஷயம். ஐந்து கோட்பாட்டாளரையும் ஒரே கட்டுரையில் அடைக்காதீர்கள். மேலே நான் பலரைத் தொட்டது எது எவ்வளவு தூரம் உதவும் என்று காட்டுவதற்காக. கட்டுரைக்கு ஜெனெட்டும் போர்ட்வெல்லும் போதும். கதைச் சுருக்கத்தை ஒரு பத்திக்குள் முடித்துவிட்டு, நீங்களே கண்டுபிடித்த ஒரு பொருந்தாத இடத்தைச் சுற்றி மீதியை எழுதுங்கள். சூசனின் பகுதியை நான் அதிகம் தொடவில்லை. சூசன் மேடையில் நிற்கும்போது அரங்கில் கேனின் முகத்தில் ஓடுவதை யார் பார்க்கிறார்கள் என்பதிலிருந்தே ஒரு முழுக் கட்டுரை வரும்.

இரண்டாவது, மேலே இருக்கும் அந்த எடுத்துரைப்பை என்னவென்று அழைப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். எடுத்துரைப்பியல் ஆய்வாளர் சீமோர் சாட்மன், சினிமாவுக்கும் ஒரு கதைசொல்லி உண்டு, மனிதராக இல்லாவிட்டாலும் காட்டும் ஓர் அமைப்பு உண்டு என்பார். போர்ட்வெல், அப்படி ஒருவரைக் கற்பனை செய்யத் தேவையில்லை, எடுத்துரைப்பு என்ற செயல் போதும், துண்டுகளைக் கோத்துக் கதையாக்குவது பார்வையாளரின் வேலை என்பார். இதில் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, பனியில் கிடக்கும் வண்டி 'காட்டப்படுகிறதா' அல்லது 'நாம் ஊகிக்க விடப்படுகிறதா' என்பது மாறும். என் சாய்வு சாட்மன் பக்கம். பலகையைத் தாண்டி ஏறும் அந்த முதல் கேமரா நகர்வை ஒருவர் செய்கிறார் என்று சொல்லாமல் விவரிக்க எனக்கு வரவில்லை. நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள்.